கேஸ் அடுப்புக் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் இருக்கும் இரண்டு பர்னர், மூன்று பர்னர் அடுப்பைப் பற்றித்தான் இது. 14.2 கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், ஆரஞ்சு நிற டியூப், அடுப்பு. கோளாறு இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு என்று பல வருடங்களாக இவற்றைப் பார்த்துக்கொடுத்து வருகிறேன். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பர்னரைக் கழுவினாலே போதும் என்ற இடத்தில் புது அடுப்பு வாங்கக் கடைக்குப் போகிறார்கள். டியூபை இன்றே மாற்ற வேண்டும் என்ற இடத்தில் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று விட்டுவிடுகிறார்கள். செலவும் ஆபத்தும் இப்படி இடம் மாறிப்போவதால்தான் இதை எழுதுகிறேன்.

எதில் நாம் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்னர், அதற்கு அடியில் இருக்கும் மிக்சிங் டியூப், திருகும் நாப், ரப்பர் டியூப் ஆகியவற்றைப் பொறுமை இருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம். சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டரின் உள்பக்கம், நாப்புக்குப் பின்னால் இருந்து கேஸைத் திறந்து மூடும் பித்தளை காக் ஆகிய மூன்றையும் வீட்டில் பிரிக்கக் கூடாது.

கீழே பல இடங்களில் "சோப்பு நீர் சோதனை" என்று வரும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து நன்றாக நுரை வரவையுங்கள். அடுப்பின் நாப் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். நுரையைப் பழைய பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவி அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். கசிவு இருந்தால் குமிழி ஊதி ஊதிப் பெரிதாகும். தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

## கேஸ் வாடை வருகிறது

வீடு முழுக்க, மூக்கில் ஏறும் அளவுக்கு வாடை

காரணம் தேட இது நேரமில்லை. எரியும் தீயை எல்லாம் அணையுங்கள், பூஜை விளக்கு உட்பட. ரெகுலேட்டரை மூடுங்கள். மின்சார சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாடையை வெளியேற்றலாம் என்று எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதுதான் இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் தரையோடு படிந்து நிற்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசல் கதவையும் பின்கதவையும் விரியத் திறக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நீங்களும் வெளியே போய் 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எல்பிஜி கசிவுக்கான அவசர எண் அது, 24 மணி நேரமும் இயங்கும். போனை வீட்டுக்குள் நின்றுகொண்டு எடுக்காதீர்கள்.

சிலிண்டர் பக்கம் போனால் மட்டும் லேசாக வாடை

புது சிலிண்டர் மாட்டிய அன்றோ மறுநாளோ இது தொடங்கினால், முதல் சந்தேகம் சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர். அது அறுந்திருக்கலாம், நகர்ந்திருக்கலாம், இல்லாமலேகூட இருக்கலாம். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். வாடை நின்றால் கோளாறு வாஷரில் இருக்கலாம், ரெகுலேட்டரின் வாயிலும் இருக்கலாம். ஏஜென்சிக்குச் சொன்னால் ஆள் வந்து வாஷரை மாற்றிக்கொடுப்பார். ஊக்கால் நெம்பி நாமே மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் பின் நெளிந்துவிட்டால் அப்புறம் அந்த சிலிண்டர் மூடவே மூடாது.

ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால், வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். மூடியை இறுக்கிப் போட்டு, சிலிண்டரை நின்ற வாக்கிலேயே தூக்கி, தீயும் சாக்கடைக் குழியும் இல்லாத திறந்தவெளியில் வைத்துவிட்டு 1906-ஐ அழையுங்கள். வெள்ளை மூடியை நூலோடு சிலிண்டரிலேயே கட்டிக் கொடுப்பது இதற்காகத்தான். அதை அறுத்துக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் மனது பதறும்.

சிலிண்டர் கொண்டுவருபவர் கிளம்புவதற்குள் சீலைப் பிரித்து, வாஷர் இருக்கிறதா, கசிகிறதா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கு அவசரம் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

அடுப்புக்குப் பின்னால், டியூப் போகும் வழியில் வாடை

சோப்பு நீரை டியூபின் இரண்டு முனைகளிலும், பிறகு முழு நீளத்துக்கும் தடவுங்கள். முனையில் குமிழி வந்தால் டியூப் சரியாக ஏறவில்லை அல்லது வாய் தளர்ந்துவிட்டது. நடுவில் வந்தால் வெடிப்பு அல்லது எலிக் கடி. எலிக் கடி பெரும்பாலும் மேடைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத வளைவில்தான் இருக்கும், கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். டேப் சுற்றுவது, எம்சீல் வைப்பது எல்லாம் தீர்வே அல்ல. ரெகுலேட்டரை மூடிவிட்டு டியூபை மாற்றுங்கள். வழி அடுத்த தலைப்பில்.

நாப் பக்கத்தில் வாடை

அடுப்பைச் சற்றுத் தூக்கி, காக்கின் மேலும் அது குழாயோடு சேரும் இடத்திலும் நுரை தடவுங்கள். குமிழி வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் வரும்வரை அடுத்த பர்னரைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. மூடிய நாப் வழியாகவே கேஸ் வெளியேறுகிறது என்றால், ரெகுலேட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் கசிவுதான்.

## டியூப் மாற்றும் முறை

கசிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டியூபின் மேலேயே ஐஎஸ்ஐ முத்திரையும், தயாரித்த வருடமும், எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் அச்சாகியிருக்கும். பொதுவாக 5 வருடம். காலம் முடிந்திருந்தால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அச்சு தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு சோதனை: டியூபை விரலில் வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் மெல்லிய கோடுகள் விரிந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது.

ஏஜென்சியிலேயே வாங்குங்கள். பச்சை நிறப் பிளாஸ்டிக் குழாய், தண்ணீர்க் குழாய் எதுவும் கேஸுக்கு ஆகாது. நீளம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த நீளம் எட்டவில்லை என்றால் சிலிண்டரை நகர்த்துங்கள், இரண்டு டியூபை இணைத்து நீட்டாதீர்கள்.

அடுப்பு ஆறியிருக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்கள். கிளிப் இருந்தால் தளர்த்துங்கள். பழைய டியூப் இளகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் அடுப்பே நகர்ந்து வரும். பிளேடால் டியூபின் நீளவாக்கில் மெல்லக் கீறினால் தானாக உரிந்து வரும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் பித்தளை முனையில் கீறல் விழும், பிறகு எந்த டியூப் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகக் கசியும்.

புது டியூபின் முனையை வெந்நீரில் அரை நிமிடம் முக்கினால் இளகும். உள்ளே தண்ணீர் நிற்காமல் துடைத்துவிட்டு, திருகித் திருகி, பித்தளை முனையின் வரிகள் எல்லாம் மறையும்வரை ஏற்றுங்கள். வழுக்கட்டும் என்று எண்ணெய் தடவக் கூடாது, ரப்பரைக் கெடுத்துவிடும். பாதி ஏறிய டியூபைக் கிளிப் போட்டு இறுக்கினாலும் நிற்காது, முதலில் முழுதாக ஏற வேண்டும். ரெகுலேட்டர் பக்கமும் அப்படியே. பிறகு சோப்பு நீர் சோதனை, இரண்டு முனையிலும்.

டியூப் அடுப்புக்கு அடியில் ஓடக் கூடாது, சூடான பாகம் எதையும் தொடக் கூடாது. அழகுக்காகத் துணி உறை, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வெடிப்பும் எலிக் கடியும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

## தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் கரி பிடிக்கிறது

முதலில் நிறத்தைச் சரியாகப் பாருங்கள். நீலத் தீயில் அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் அது தூசியோ உப்புத் தண்ணீரோதான். வீடு கூட்டும்போதும், குக்கர் தண்ணீர் சிந்தும்போதும் வரும், தானே போய்விடும். தீயின் நுனி நீண்டு, மஞ்சளாகச் சோம்பி ஆடினால்தான் கோளாறு.

எல்லா பர்னரும் மஞ்சள்: சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கலாம். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை துடைத்துப் பாருங்கள். திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெல்லக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். கோடு அடிமட்டத்தில் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கடைசிச் சொட்டையும் எடுக்கலாம் என்று சிலிண்டரைப் படுக்க வைக்கவோ சாய்க்கவோ கூடாது. ஆவியாக வர வேண்டிய கேஸ் திரவமாகவே ரெகுலேட்டருக்குள் வந்துவிட்டால் தீ திடீரென்று சீறி எழும்.

ஒரு பர்னர் மட்டும் மஞ்சள்: இங்கேதான் கழுவும் வேலை. பால் பொங்கியது, ரசம் வழிந்தது, தோசை மாவு சிந்தியது எல்லாம் பர்னர் துளைக்குள் காய்ந்து இறுகியிருக்கும். ஆறிய பிறகு பர்னர் மூடியை எடுங்கள். பித்தளை என்றால் புளியும் சோப்பும் கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறவிட்டு, ஒவ்வொரு துளையையும் ஊக்கால் குத்தி, கவிழ்த்துத் தட்டுங்கள். அலுமினியக் கலவை என்றால் புளி வேண்டாம், கறுத்து அரித்துவிடும். சோப்பு நீரே போதும். வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு போட்டால் தீ படபடவென்று துடிக்கும், கழுவியும் சரியாகவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கழுவியும் மஞ்சள் போகவில்லையா? பர்னருக்கு அடியில் இருக்கும் மிக்சிங் டியூபைப் பாருங்கள். கேஸோடு காற்று கலக்கும் இடம் அது. நீண்ட நாள் ஊருக்குப் போய் வந்த வீடுகளில் அதற்குள் சிலந்தி வலை கட்டியிருப்பதையும், கரப்பான் ஒண்டியிருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். இரும்பு மிக்சிங் டியூப் என்றால் துரு உதிர்ந்து அடைத்திருக்கும், கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். மெல்லிய பாட்டில் பிரஷ் விட்டு எடுத்தால் சரி. பிறகு அதன் வாய், எதிரே கேஸைப் பாய்ச்சும் சின்னப் பித்தளை முனையான ஜெட்டுக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடுப்பைத் துடைக்கும்போது இடித்து நகர்ந்திருந்தால் கேஸ் கோணலாகப் பாயும், காற்று குறையும். திருகாணியைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் உடனே நீலம் வரும்.

இதற்கும் போகவில்லை என்றால் ஜெட்டின் துளை பெரிதாகியிருக்கலாம். யாராவது தடித்த ஊசியால் குத்தியிருப்பார்கள். ஜெட்டை மாற்றத்தான் வேண்டும். விலை பெரிதில்லை, ஆனால் சின்ன பர்னருக்கும் பெரிய பர்னருக்கும் வேறு வேறு ஜெட். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அதன் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். குழாய் வழியாக வீட்டுக்கு வரும் எரிவாயுவுக்கான ஜெட்டின் துளை பெரியது. சிலிண்டர் அடுப்பில் அதைப் போட்டால் தீ அடங்காது.

## ஒரு பர்னரில் மட்டும் தீ குறைவு

நிறம் நீலம்தான், ஆனால் அளவு சின்னது. பர்னர் துளை அடைப்பை மேலே சொன்னபடி பாருங்கள். துளை எல்லாம் சுத்தமாக இருந்தும் தீ சின்னது என்றால் ஜெட் அடைத்திருக்கிறது. பழைய பம்ப் ஸ்டவ் பின் வீட்டில் இருந்தால் கை அதை நோக்கித்தான் போகும், ஆனால் அந்த இரும்பு பின் பித்தளைத் துளையை அகலமாக்கிவிடும். மின்சார வயரை உரித்தால் உள்ளே வரும் செம்பு இழை ஒன்று போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, இழையை மெல்ல விட்டு எடுங்கள். ஜெட் மேலிருந்தே கைக்கு எட்டினால் செய்யுங்கள். அடுப்பைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றித்தான் எட்டும் என்றால், முக்கியமாகக் கண்ணாடி மேல்தட்டு அடுப்பு என்றால், மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

## எல்லா பர்னரிலும் தீ குறைவு

பர்னர்களைத் தொடவே வேண்டாம், கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. டியூப் எங்காவது மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா? புது சிலிண்டர் மாட்டியதும் தொடங்கியதா? அப்படியென்றால் ரெகுலேட்டர் முழுதாக உட்காரவில்லை. கழற்றி, நேராக அழுத்தி மறுபடி மாட்டுங்கள். சிலிண்டர் தீரும் நிலையா என்று ஈரத்துணியால் பாருங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் மார்கழி, தை மாதக் காலையில் தீ குறைந்து மதியம் தானே சரியாகும். குளிரில் கேஸ் ஆவியாவது குறைகிறது, அவ்வளவுதான். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, தணல் பக்கத்தில் நிறுத்துவது இரண்டும் உயிரோடு விளையாடுவது.

இத்தனையும் சரியாக இருந்தால் ரெகுலேட்டர்மேல் சந்தேகம். கடையில் புதிது வாங்காதீர்கள். அது ஏஜென்சி கொடுத்த பொருள், அங்கேயே மாற்றித் தருவார்கள். இணைப்புப் புத்தகத்தையும் இணைப்புச் சான்றையும் எடுத்துப் போங்கள்.

## தீ சீறுகிறது, பர்னரை விட்டு மேலே தாவுகிறது

ஒரு பர்னரில் மட்டும் என்றால் மூடி சரியாக உட்காரவில்லை. எல்லா பர்னரிலும் ஒரே நேரத்தில் சீறினால் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவில்லை. உடனே ரெகுலேட்டரை மூடி, கழற்றி, ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். இதில் வீட்டில் செய்து பார்க்க வேறு எதுவும் இல்லை.

## சிம்மில் வைத்தால் அணைகிறது

முதலில் ஃபேனையும் ஜன்னலையும் பாருங்கள். சின்னத் தீக்குச் சின்னக் காற்றே போதும். பிறகு பர்னர் துளைகள். சர்வீஸ் செய்து வந்த அடுப்பில் அன்றிலிருந்தே சிம் நிற்கவில்லை என்றால், காக்குக்குள் கிரீஸை அதிகமாக அப்பி, சிம்முக்கான சிறு துளை அடைபட்டிருக்கிறது. செய்தவரையே கூப்பிட்டுத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள்.

'பட்' என்று சத்தம் கேட்டு, தீ பர்னருக்குக் கீழே எரிகிறது: நாப் சூடாகும், உள்ளே உறுமும் சத்தம் கேட்கும். உடனே மூடுங்கள். ஆறட்டும். மூடியைச் சரியாகப் பொருத்தி மறுபடி ஏற்றுங்கள். திரும்பவும் அப்படியே வந்தால் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேய்ந்து துளைகள் அகன்றிருக்கும், அல்லது விளிம்பு வளைந்து உடலோடு ஒட்டாமல் ஆடும். மூடி மாற்ற வேண்டியதுதான். பழையதைக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். கிடைத்தால் பித்தளையே வாங்குங்கள், கனமாக இருந்தால் நல்லது. புது மூடி போட்டும் ஆடினால் கீழே இருக்கும் பர்னர் உடலும் வளைந்திருக்கிறது, அப்போது இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

## நாப் இறுகிவிட்டது அல்லது சும்மா சுற்றுகிறது

சும்மா சுற்றினால் நாப்பின் உள்ளே பிளாஸ்டிக் விரிந்திருக்கிறது. நேராக இழுத்தால் கழன்று வரும். பழையதைக் காட்டிப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், தண்டின் வெட்டு அடுப்புக்கு அடுப்பு மாறும். புது நாப் வரும்வரை கொறடா வைத்துத் திருப்பி ஓட்டாதீர்கள், அவசரத்தில் தீயை மூட முடியாமல் போகும்.

இறுகியிருந்தால் காக்குக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விடுவார்கள், இரண்டு நாள் சுகமாகத் திரும்பும், பிறகு இன்னும் மோசமாக இறுகும். பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, கேஸ் வால்வுக்கென்றே வரும் கிரீஸ் போட வேண்டும். சாதாரண வண்டி கிரீஸ் அடுப்புச் சூட்டில் உருகி ஓடிவிடும். மெக்கானிக் எந்த டப்பாவிலிருந்து எடுக்கிறார் என்று கேட்பதில் தப்பே இல்லை. கிரீஸ் போட்டும் கசிந்தால் காக் தேய்ந்துவிட்டது, முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

## ஆட்டோ இக்னிஷன் பற்றவில்லை

பேட்டரி உள்ள அடுப்பு என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பொறி தெரிகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பொறி வரும் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு. ஈரமில்லாத துணியால் துடையுங்கள். முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டும். அவசரமில்லை, லைட்டரால் பற்றவைத்துக்கொள்ளலாம். ஆனால் பற்றும்வரை நாப்பைத் திறந்தபடி 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு மூன்று தடவையில் பற்றவில்லை என்றால் மூடி, சேர்ந்த கேஸ் கலையட்டும் என்று சில நிமிடம் விட்டுப் பிறகு முயலுங்கள்.

## மெக்கானிக் வந்து வேலை முடித்தால்

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளவு பார்க்க உதவும், உண்மையில் மாற்றினாரா என்பதும் தெரியும். அவர் பையைக் கட்டுவதற்கு முன்னால், அவர் எதிரிலேயே, அவர் கை வைத்த ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். எல்லா பர்னரையும் முழுத் தீயில் ஒரு தடவை, சிம்மில் ஒரு தடவை எரித்துப் பாருங்கள். அதுவரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.